பலகாரம் சாப்பாட்டில் சேர்த்தியா?

1

இன்று அப்பாவின் திதி. ஆடி மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி. ஸ்ரீரங்கத்தில் தம்பி காவேரிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருப்பான். இங்கே லீட்ஸில் எங்கள் சமையலறைக் காலண்டருக்கு அதெல்லாம் தெரியாது. கம்பளிக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் அது. ஆட்டுக்குட்டிப் படத்துக்குக் கீழே இன்றைக்கு வெறும் செவ்வாய்க்கிழமை, வெளியே மழை. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகள் வசந்தி சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளிடம் தாத்தாவின் திதி என்று காலையில் சொன்னேன். “பர்த்டேயா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குள் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் என் தட்டில் முட்டைக்கோஸ் கறி, பயத்தம்பருப்புக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். சாதம் கிடையாது. இட்லியும் கிடையாது. முதல் ‘கிடையாது’ ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. செய்தி ஊருக்குப் போனதிலிருந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சாதத்தை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? வெளிநாட்டில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதைத் தெரிந்துகொண்டதற்குப் பதிலாகத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு.

2

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு அந்த வியாதி வந்தது. உத்தர வீதியில் வீடு, திருச்சியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலையில் பஸ் ஏறிக் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவார், சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டி வருவார். ராத்திரியில் கூஜாத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க ஆரம்பித்தார். கொல்லையில் அவர் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அம்மாதான் முதலில் பார்த்தாள்.

தெப்பக்குளத்தருகே ஒரு டாக்டரிடம் போனோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, நானும் கூடப் போனேன். டாக்டர் நல்ல மனிதர், வாசல் வரை கூட்டம். சோதித்துப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“அம்மா, இனிமே உங்க கையிலதாங்க இருக்கு. சர்க்கரை, வெல்லம் கூடாது. முக்கியமா சாதத்தை நிறுத்திடுங்க. ஒரு பருக்கை கூட வேணாம்.”

“ஒரு பருக்கையா?” என்றார் அப்பா.

“ஆமாங்க. நாக்கைக் கட்டினா நூறு வயசு இருப்பீங்க.”

அம்மா தலையை ஆட்டினாள். பஸ் ஏறித் திரும்பினோம். காவேரிக் கரையில் அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கியபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. “தினம் ஒருபொழுதுன்னு நினைச்சுண்டா ஆச்சு. நமக்குத் தெரியாத விரதமா?” என்றாள்.

விரதம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அமாவாசை, தர்ப்பண நாள், புரட்டாசிச் சனிக்கிழமை ஆகிய நாட்களில் பகலில் ஒரு வேளைதான் சாதம். ராத்திரி பலகாரம். இட்லியோ தோசையோ அரிசி உப்புமாவோ எவ்வளவு சாப்பிட்டாலும் அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. எட்டு தோசை சாப்பிட்டுவிட்டு எழுந்தவரைக் கேட்டாலும், “இன்னிக்கு ராத்திரி சாப்பிடறதில்லை, பலகாரம்தான்” என்று முகத்தை வற்றலாக வைத்துக்கொண்டு சொல்வார். கேட்பவரும் ஐயோ பாவம் என்பார்.

இட்லி அரிசியில் செய்வது என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? மாவு அரைப்பவளே அம்மாதான். ஆனால் அரிசி வேறு, சாதம் வேறு, பலகாரம் வேறு. டாக்டர் நிறுத்தச் சொன்னது சாதத்தை. அம்மா சாதத்தை நிறுத்தினாள். அவ்வளவு கண்டிப்பாக யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

3

காலையில் இட்லி. ஆபீஸுக்கு டப்பாவில் சேவையோ அரிசி உப்புமாவோ. ராத்திரி தோசை, சில நாள் அடை. அப்பாவுக்கு முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. “வியாதி வந்தாலும் வந்தது, தினமும் மாப்பிள்ளைக்குப் பண்ற மாதிரி பலகாரம்” என்று சிரிப்பார். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தயிர்சாதத்தை நினைத்துக்கொண்டு இட்லியில் மோரை விட்டுப் பிசைவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவார்.

அவர் சாப்பிடாத சாதம் தனக்கு எதற்கு என்று அம்மாவும் விட்டுவிட்டாள். தம்பிக்கும் எனக்கும் மட்டும் ஒரு சின்ன வெண்கலப் பானையில் வடிப்பாள், அதுவும் அப்பா ஆபீஸ் போன பிறகு. வாசனை கூட அவருக்குத் தெரியக் கூடாது. தொட்டியத்தில் இருந்து அப்பாவின் அத்தை மகன் தார் தாராக வாழைப்பழம் அனுப்புவார். அது வந்து இறங்கிய வேகத்தில் வீதியில் எல்லா வீட்டுக்கும் பங்கு போய்விடும். அப்பா ஒரு பழத்தைத் தடவிப் பார்த்ததைக் கூட அம்மா பிடித்துவிட்டாள்.

பரிமாறுவதில் மட்டும் அவள் கை தாராளம். போதும் என்ற வார்த்தை சாப்பிடுகிறவர் வாயில் இருந்துதான் வர வேண்டும், அதுவும் அவள் காதில் விழாது. அப்பா தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் போதும் என்பார். விரலிடுக்கு வழியாக இன்னொரு இட்லி தட்டில் விழும். “சாதம்தான் இல்லை, இதாவது வயிறாரச் சாப்பிடுங்கோ” என்பாள்.

அந்தக் காலத்தில் சோதிப்பது வீட்டிலேயே நடக்கும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சிறுநீர் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆகாது. எங்கள் வீட்டில் எப்போதும் செங்கல்தான். அம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அழுவாள். “ஒரு பருக்கை உள்ளே போகலையே, எங்கேர்ந்து வரது?”

டாக்டரிடம் போகும்போதெல்லாம் அவர் கேட்பார். “சாதம் சாப்பிடறதில்லையே?”

“பெருமாள் சாட்சியா ஒரு பருக்கை இல்லை, டாக்டர்” என்பாள் அம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை. பதிலுக்கு என்ன சாப்பிடுகிறார் என்று அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சாதம் என்றால் அரிசியில் பண்ணிய எல்லாம்தான் என்று அவர் நினைத்தார். சாதம் என்றால் சாதம்தான் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம்.

மருந்து மாறியது, மாத்திரை வந்தது, நிறம் மாறவில்லை. செங்கல் நிறத்தைப் பார்க்கப் பார்க்க அம்மா இன்னும் எதையாவது குறைப்பாள். காப்பியில் பால் குறைந்தது. காய் குறைந்தது, பருப்பு குறைந்தது. கடைசியில் மிஞ்சியது இட்லியும் தோசையும் மட்டும்தான்.

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்து மூன்றாவது சித்திரையில், வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் நடந்த அப்பாவுக்குக் காலில் கொப்புளம் வந்தது. அது ஆறவில்லை. புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்தார்கள். ஆடியில் அவர் போய்விட்டார். தந்தி வந்த அன்று நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். கிளம்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும் என்று என் கணவர் சொன்னார். அது நிஜம்தான். ஆனாலும் போயிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

4

இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் எங்களை டீக்குக் கூப்பிட்டாள். டீதானே என்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். போனால் மேஜை நிறைய ரொட்டியும் உருளைக்கிழங்கும் கேக்கும். இங்கே டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் கொறித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இவர்களுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் முகம் வாடிப் போயிற்று. வசந்தி இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் “டீக்கு என்ன?” என்றுதான் கேட்கிறாள். நான் தோசை என்றால், “திரும்பவுமா?” என்கிறாள்.

எனக்கு வியாதி வந்ததும் ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இல்லாமல் யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். என் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதி, மூன்று பேரும் நான்தானா என்று என்னையே கேட்டார்கள். எல்லாம் முடிந்து சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு, கனிவான குரல். அச்சடித்த தாளை நீட்டினாள். ரொட்டி, உருளைக்கிழங்கு, அரிசி, மாவுப் பண்டம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். மாட்டிறைச்சி, மீன், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம். நான் மூன்றும் தொடுவதில்லை என்றேன். பிறகு எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, மரியாதை தெரிந்த பெண்.

“சரி, அரிசி எவ்வளவு சாப்பிடுவீர்கள்?”

“பகலில் கொஞ்சம். ராத்திரி சாதமே கிடையாது. டிஃபன்தான்.”

“டிஃபனா? அது என்ன?”

“இங்கிலீஷ் வார்த்தைதானே!” என்றேன்.

“நான் கேள்விப்பட்டதில்லையே.”

பெட்டி படுக்கையோடு இந்த ஊரில் இருந்து நம் ஊருக்கு வந்த வார்த்தையை இந்த ஊரிலேயே யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. டிஃபன் என்றால் இட்லி, தோசை, சேவை என்று விளக்கினேன். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

“இட்லி எதில் செய்வீர்கள்?”

“அரிசியும் உளுந்தும். அரிசிதான் நிறைய.”

“தோசை?”

“அதே மாவு.”

“சேவை?”

“அரிசி.”

“உப்புமா என்றீர்களே?”

“அரிசியை உடைத்து...” என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. ‘ரைஸ், ரைஸ், ரைஸ்’ என்று இங்கிலீஷில் ஒரே வார்த்தையை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்லியிருந்தால் கடைசி வரை கேட்டிருக்காது. சாதம், மாவு, சேவை, உப்புமா என்று தனித்தனியாகவே இருந்திருக்கும்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, “ராத்திரி அரிசி சாப்பிடுவதில்லை என்று சொன்னீர்களே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் அழுதுவிட்டேன். இட்லியை விடச் சொன்னதற்காக ஒரு பெரிய பெண்பிள்ளை அழுகிறாள் என்று அவள் நினைத்திருப்பாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணுக்கு முன்னால் அப்பாவின் கையும் அதன் இடுக்கில் விழும் இட்லியும்தான் இருந்தன.

அடுத்த தடவை போனபோது அவளிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இதனால்தான் அப்படி ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, நன்றாகப் பத்தியம் இருந்தவர்களுக்கும் காலில் புண் வருவதுண்டு என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, நிஜத்தைச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

5

சாதமில்லாத சாப்பாடு எனக்குச் சரிப்படுமா என்று நானும் பல நாள் யோசித்தேன். நம் சமையலில் எல்லாமே சாதத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. குழம்பும் சாத்தமுதும், அதாவது ரசமும், மோரும் அதில் பிசைவதற்காகவே பிறந்தவை. நடுவில் இருக்கிறதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் திருதிருவென்று விழிக்கின்றன. முதல் வாரம் சாத்தமுதை டம்ளரில் விட்டுக் குடித்தேன். சாப்பிட்ட மாதிரியே இல்லை. யாரோ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போன மாதிரி இருந்தது.

மெல்ல வழிக்கு வந்தேன். கறியும் கூட்டும் முன்பு தொட்டுக்கொள்ள, இப்போது அதுவே சாப்பாடு. பருப்பு, தயிர், கீரை. பகலில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் சாதம், சில நாள் அதுவும் இல்லை. முழுக்க விடச் சொல்லவில்லை அந்தப் பெண். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் மயக்கம் வரும், டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். உறவுக்காரர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவரவர் உடம்பு, அவரவர் மருந்து. ஒருவருக்குச் சரிப்பட்டது இன்னொருவருக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் உட்கார்ந்து, வாயில் போகிற ஒவ்வொன்றும் எதில் பண்ணியது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இது சரிப்பட்டது. என் குழாயில் இப்போது பெரும்பாலும் நீலம்தான். அந்த நீலத்தைப் பார்க்கும்போது சந்தோஷம் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம்தான் வருகிறது.

6

போன வருஷம் அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போனேன். வசந்தியையும் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துப் பெண்களோடு கூடாரம் போட்டுத் தங்குகிற முகாமாம், வரமாட்டேன் என்றுவிட்டாள். தனியாகத்தான் போனேன்.

தம்பி சிராத்தம் செய்தான். வடித்த சாதத்தை உருட்டிப் பிண்டம் வைத்தபோது அம்மா தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். “இன்னிக்காவது சாதம் சாப்பிடட்டும்” என்று முணுமுணுத்தாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுப் பங்கஜம் மாமி வந்தாள். மாமாவுக்குப் புதிதாகச் சர்க்கரை. டாக்டர் சாதத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். யோசனை கேட்க அம்மாவிடம் வந்திருக்கிறாள். அந்த வீதியில் இந்தப் பத்தியத்துக்கு அம்மாதான் அதிகாரி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சாதத்தைக் கண்ணாலேயும் காட்டப்படாது, பங்கஜம்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். “கார்த்தால இட்லி. மத்தியானம் அரிசி உப்புமா. ராத்திரி தோசை. ஏழு வருஷம் இவரை அப்படித்தான் கட்டிக் காப்பாத்தினேன். ஆயுசு அவ்வளவுதான்னு எழுதியிருந்தது. பத்தியத்துல ஒரு குறை இல்லை.”

“உங்களை மாதிரி யாரால முடியும், மாமி!”

உள்ளே நான் காப்பி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் மிச்சம் இருப்பது அந்த ஏழு வருஷம்தான். கணவர் போய்விட்டார், பெண் கடல் தாண்டி இருக்கிறாள், பிள்ளை காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான். குறை வைக்கவில்லை என்கிற அந்த ஒரு நினைப்பில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள். அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் எதிர்வீட்டு மாமாவும் ஒரு மனிதர். அவருக்கும் கால் இருக்கிறது.

மறுநாள் காலை காவேரிக்குக் குளிக்கப் போகிற வழியில் பங்கஜம் மாமியைப் பிடித்தேன். படித்துறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இட்லியும் அரிசி, தோசையும் அரிசி. டாக்டரிடம் மறுபடி போய், பலகாரம் சேர்த்தியா இல்லையா என்று கேளுங்கள். நான் சொன்னதாக அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

“அம்மாவாண்டை நான் ஏன் சொல்லப் போறேன்? வாயைத் திறப்பேனா?” என்றாள் மாமி. அவள் அடித்துச் சொன்ன வேகத்திலேயே எனக்குப் பகீரென்றது.

சாயங்காலம் வாசலில் இருந்தே அவள் குரல் வந்தது. “ஏன் மாமி, உங்க பொண்ணு என்னமோ சொல்றாளே? இட்லியும் சாதமும் ஒண்ணுதானாமே?”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மறுநாள் இட்லிக்கு. கை நின்றது. “அவ ஊர்ல அப்படி இருக்கும்” என்றாள். அப்புறம் மறுபடி களைந்தாள். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் வெகுநேரம் களைந்துகொண்டே இருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலையில் தட்டில் நாலு இட்லியை வைத்து, மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெயைக் குழைத்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இட்லிப் பானை அவள் பக்கத்தில் இருந்தது.

“ஏண்டி கோமளா, இட்லியும் அரிசிதானே?”

“அது அந்த ஊர்க் குளிருக்குச் சொல்றதும்மா. அந்த ஊர் அரிசியே வேற. இங்கே அதெல்லாம் ஒத்து வராது.”

“அப்படியா?”

“அப்படித்தான்.”

“அப்போ சாப்பிடு.”

சாப்பிட்டேன். ஒரு வருஷமாகத் தொடாத இட்லி. ருசியாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலையும் முடித்தேன். அவள் நம்ப வேண்டுமே என்று தட்டை முன்னால் நகர்த்தினேன்.

“இன்னும் ரெண்டு போடும்மா.”

அம்மா பானையின் மூடியை எடுத்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த இட்லிகளைப் பார்த்தபடியே இருந்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“போதும்டி” என்றாள். மூடியைப் போட்டு மூடிவிட்டாள்.